கிட் வாங்கி ஆம்ப்ளிஃபயர் கட்டுவது: பெட்டிக்குள் வராத பாதி

ஆம்ப்ளிஃபயர் கிட்டைப் பிரித்தவுடன் பெரும்பாலும் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். உள்ளங்கை அகலத்தில் சேனலுக்கு ஒன்றாக இரண்டு போர்டு, குட்டிக் குட்டிப் பைகளில் ரெசிஸ்டரும் கெபாசிட்டரும், இரண்டு ஐசி, மங்கலாக அச்சடித்த ஒரு தாள். சாயங்காலம் உட்கார்ந்தால் படுக்கப் போவதற்குள் சால்டரிங் முடிந்துவிடும். அப்புறம்தான் வேலையே ஆரம்பம். டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை வோல்ட், எர்த்தை எங்கே கட்டுவது, சூடு எப்படி வெளியே போகும், எந்த வயர் எந்தப் பக்கமாக ஓட வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இருக்காது. கட்டி முடித்த ஆம்ப்ளிஃபயர் நன்றாகப் பாடுமா, மூலையில் உட்கார்ந்து உறுமுமா என்பதை முடிவு செய்வது இவைதான். போர்டில் இருக்கும் சர்க்யூட் அநேகமாகச் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அது ஐசி செய்த நிறுவனமே டேட்டாஷீட்டில், அதாவது அந்த ஐசிக்கான விவரத் தாளில், போட்டிருக்கும் படம். அதனால் சால்டரிங்கைச் சீக்கிரம் கடந்துவிட்டு, கிட்டில் வராத பாதியில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

முதலில் ஒரே ஒரு எச்சரிக்கை. வீட்டு மின்சாரத்தை ஒரு உலோகப் பெட்டிக்குள் கொண்டுவருகிறோம். பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் எது எதுவென்று உங்களுக்குத் தயக்கமில்லாமல் தெரியவில்லை என்றால், அந்தப் பகுதியை மட்டும் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள். இதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

எந்தக் கிட்

முதல் முறை கட்டுகிறவருக்கு நான் சொல்வது எல்எம்3886 ஐசி கிட். 11 கால் உள்ள ஒரே ஐசிக்குள் முழு பவர் ஆம்ப்ளிஃபயரும் இருக்கிறது. நேஷனல் செமிகண்டக்டர் வெளியிட்டது, 2011-ல் அந்த நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது, இப்போது அந்தப் பெயரில் வருகிறது. ஷார்ட் ஆனாலும் அளவுக்கு மீறிச் சூடானாலும் தன்னைத்தானே காத்துக்கொள்ளும் ஏற்பாடு உள்ளேயே உண்டு. தப்பு செய்து கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. சிதைவு காதுக்குத் தெரியாத அளவு குறைவு. இதே குடும்பத்தில் எல்எம்3875 என்ற ஐசியை வைத்து ஜப்பானின் 47 லேப்ஸ் 1999-ல் கெயின்கார்ட் என்ற ஆம்ப்ளிஃபயரை விற்றது. உள்ளே இருந்த பாகங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதைப் பார்த்துப் பலரும் வீட்டிலேயே கட்ட ஆரம்பித்ததுதான் கெயின்குளோன் என்று இன்றைக்கும் சொல்கிற வகை.

கிளாஸ்-டி (சிக்னலை வேகமாக ஆன், ஆஃப் செய்து பெருக்கும் வகை) போர்டு வாங்கலாமா என்று கேட்பார்கள். வாங்கலாம், டிபிஏ3255 மாதிரி ஐசிகள் நன்றாகவே இருக்கின்றன, ஆனால் அவை முக்கால்வாசி கட்டி முடித்தே வரும், நீங்கள் செய்ய அங்கே அதிகம் இல்லை. வால்வு கிட்டை முதல் முறையே தொடாதீர்கள். அதற்குள் 300, 400 வோல்ட் டிசி ஓடும், அங்கே கை தவறினால் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

சால்டரிங் அயர்னை எடுப்பதற்கு முன் கணக்கு

எல்லாரும் டிரான்ஸ்ஃபார்மரை வாங்கிவிட்டுத்தான் ஸ்பீக்கரைப் பார்க்கிறார்கள். ஸ்பீக்கரில் இருந்து தொடங்க வேண்டும். பின்பக்கம் 8 ஓம் என்றோ 4 ஓம் என்றோ போட்டிருக்கும். டேட்டாஷீட் கணக்கில் எல்எம்3886 பிளஸ் மைனஸ் 28 வோல்ட்டில் (கிரவுண்டுக்கு மேலே 28, கீழே 28) 8 ஓமுக்கு 38 வாட், 4 ஓமுக்கு 68 வாட் கொடுக்கும். வோல்ட்டை 35-க்கு ஏற்றினால் 8 ஓமுக்கு 50 வாட். 38-இலிருந்து 50 போவது காதுக்கு ஒரு டெசிபல் சொச்சம்தான், கண்ணை மூடிக் கேட்டால் பலருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சூடு ஒன்றரை மடங்காகும். அதனால் நான் எப்போதும் 28 பக்கம்தான் நிற்பேன். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்கு 35 வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 103 டெசிபல் வரும், அந்தச் சத்தத்தில் வீட்டில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள்.

28 வோல்ட் டிசி வேண்டுமென்றால் 20-0-20 டிரான்ஸ்ஃபார்மர். 20-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 28.3, டையோடில் ஒரு வோல்ட் போனால் 27 சொச்சம். லோடு இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மர் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கும், வீட்டு மின்சாரமும் ஏறி இறங்கும், அதனால் மீட்டரில் 29, 30 காட்டினால் பயப்பட வேண்டாம். சிக்னல் ஓடும்போது பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே இந்த ஐசி தாங்குவது 84 வோல்ட், நாம் அதற்கு வெகு கீழே இருக்கிறோம். 24-0-24 வாங்கி 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டுகிறவர்கள்தான் பாட்டு நடுவில் விட்டுவிட்டு வருகிறது என்று புலம்புவார்கள். ஐசி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வாயை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். அளவு, இரண்டு சேனலுக்கும் சேர்த்து 160-இலிருந்து 200 விஏ (வோல்ட் பெருக்கல் ஆம்ப்) டொராய்டல், அதாவது வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர், போதும். 300-ஐத் தாண்டினால் சுவிட்ச் போடும் நொடியில் இழுக்கும் கரண்ட்டே பியூஸை அடித்துவிடும், அதற்குத் தனியாக சாஃப்ட் ஸ்டார்ட் போர்டு வைக்க வேண்டியிருக்கும்.

சூட்டுக் கணக்கும் இப்போதே போட்டுவிடுங்கள். கிளாஸ்-ஏபி ஆம்ப்ளிஃபயர் (எல்எம்3886 இந்த வகைதான்) அதிகபட்சம் எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. மொத்த வோல்ட்டின் வர்க்கத்தை, 2 பெருக்கல் பையின் வர்க்கம் பெருக்கல் ஸ்பீக்கரின் ஓம், இதனால் வகுக்க வேண்டும். பிளஸ் மைனஸ் 28 என்றால் மொத்தம் 56, 8 ஓமுக்கு ஒரு சேனலுக்கு 20 வாட் வரும், 4 ஓமுக்கு 40. பிளஸ் மைனஸ் 35-ல் 8 ஓமுக்கே 31. இரண்டு சேனலும் ஒரே ஹீட்சிங்க்கில் (ஐசியின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) என்றால் 8 ஓமுக்கு 40 வாட் போக வேண்டும். ஒரு வாட்டுக்கு 0.8 டிகிரி ஏறும் ஹீட்சிங்க் வைத்தால் 32 டிகிரி ஏறும், அறை 35 என்றால் ஹீட்சிங்க் 67. இது மிக மோசமான நிலைமை, நிஜப் பாட்டில் பாதிகூட வராது. கிட்டோடு சில நேரம் வரும் தீப்பெட்டி அளவு ஹீட்சிங்க் இதில் கால்வாசிக்கும் தேறாது, அதை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம்.

பாகங்களைச் சரிபார்ப்பது

பைகளைப் பிரித்து வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ரெசிஸ்டரின் வண்ணக் கோட்டை நம்பாமல் ஒவ்வொன்றையும் மீட்டரில் அளந்து, அளவைப் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். ஐந்து கோடு போட்ட மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டரில் பழுப்பும் சிவப்பும் விளக்கு வெளிச்சத்தில் ஒன்று போலவே தெரியும், எத்தனை வருடம் பழகினாலும் கண் ஏமாறும்.

போலி ஐசி நிறைய சுற்றுகிறது. பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பது கஷ்டம், ஆனாலும் எழுத்து லேசர் செதுக்கலாக இல்லாமல் மையில் அச்சடித்த மாதிரி இருந்து, விரலால் தேய்த்தால் கலைந்தால் சந்தேகப்படுங்கள். இன்னொன்று, ஐசியின் பெயர் கடைசியில் டி என்று முடிகிறதா, டிஎஃப் என்று முடிகிறதா பாருங்கள். டிஎஃப் என்றால் முழுக்க பிளாஸ்டிக் உறை, நேராக ஹீட்சிங்க்கில் மாட்டலாம். டி என்றால் முதுகில் உலோகம் தெரியும், அந்த உலோகம் மைனஸ் சப்ளையோடு இணைந்தது. அது ஹீட்சிங்க்கைத் தொட்டு, ஹீட்சிங்க் எர்த் ஆன பெட்டியைத் தொட்டால் மைனஸ் சப்ளை நேராக எர்த்துக்கு ஷார்ட். முதல் நாளே வெடித்த ஆம்ப்ளிஃபயர் கதைகளில் இது அடிக்கடி வரும்.

ஃபில்டர் கெபாசிட்டர் ஒவ்வொரு பக்கமும் 10,000 மைக்ரோஃபாரட், 50 வோல்ட். 35 வோல்ட் போட்டிருந்தால் மாற்றிவிடுங்கள், 30 வோல்ட் ஓடும் இடத்தில் அது நெருக்கம். வால்யூம் கண்ட்ரோல் 10 கே (கிலோஓம்), இரட்டை, லாக் வகையாக, அதாவது முதலில் மெல்ல ஏறும் வகையாக, இருக்க வேண்டும். மேலே போட்டிருக்கும் எழுத்துக்கு ஊருக்கு ஒரு அர்த்தம் உண்டு, அதனால் குமிழை நடுவில் நிறுத்தி, நடுக்காலுக்கும் கிரவுண்ட் பக்கக் காலுக்கும் அளந்து பாருங்கள். 1 கே, 1.5 கே சுமாருக்கு வந்தால் லாக். 5 கே வந்தால் லீனியர், அதை மாட்டினால் கொஞ்சம் திருகியதுமே சத்தம் எகிறி மீதிச் சுற்றில் ஒன்றும் நடக்காது.

சால்டரிங்

60 வாட், சூட்டைக் கட்டுப்படுத்தும் அயர்ன், 350 டிகிரி, 60/40 அல்லது 63/37 ஈயம். இது போதும். உயரம் குறைந்ததில் தொடங்கி உயரமானதில் முடிக்க வேண்டும். முதலில் படுத்துக் கிடக்கும் ரெசிஸ்டர், அப்புறம் சின்ன ஃபிலிம் கெபாசிட்டர், கனெக்டர், கடைசியில் பெரிய எலக்ட்ரோலைட்டிக். ஐசியை இப்போது தொடவே வேண்டாம்.

அயர்ன் நுனி காலையும் போர்டின் வளையத்தையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும், ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு ஈயத்தை எதிர்ப்பக்கத்தில் இருந்து காட்டுங்கள், நுனியில் அல்ல. சரியான சூடு வந்திருந்தால் ஈயம் சட்டென்று காலைச் சுற்றி ஓடி, அடியில் அகன்று மேலே குறுகி, சின்ன எரிமலை மாதிரி பளபளப்பாக நிற்கும். உருண்டையாக மணி மாதிரி உட்கார்ந்தால் போர்டில் ஒட்டவில்லை என்று அர்த்தம். கிரவுண்ட் இணைப்புகளில்தான் இது அதிகம் நடக்கும், பெரிய செம்புப் பரப்பு சூட்டையெல்லாம் குடித்துவிடும். அங்கே அகலமான நுனி போட்டு, இன்னும் இரண்டு நொடி கூடுதலாகப் பிடியுங்கள்.

எலக்ட்ரோலைட்டிக்கில் உடம்பில் கோடு போட்ட பக்கம் மைனஸ், நீளமான கால் பிளஸ். மைனஸ் சப்ளைப் பக்கக் கெபாசிட்டரில் பிளஸ் கால்தான் கிரவுண்டுக்குப் போகும், அவசரத்தில் இரண்டையும் ஒரே மாதிரி மாட்டிவிடுவோம். தலைகீழாக மாட்டிய 10,000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வெடிக்கும்போது பக்கத்தில் முகம் இருக்கக் கூடாது, ஆகவே இதை இரண்டு தடவை பாருங்கள்.

போர்டில் எது எதற்கு என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் பின்னால் பழுது பார்க்கும்போது உதவும். ஃபீட்பேக்கில் (வெளியே போகும் சிக்னலில் ஒரு பங்கை உள்ளே திருப்பும் வழி) 20 கேவும் 1 கேவும் இருந்தால் கெயின் (பெருக்கம்) 21, அதாவது 26 டெசிபல். இந்த ஐசி 10-க்குக் குறைந்த கெயினில் நிலையாக நிற்காது, ஆசிலேட் ஆகும், அதாவது சிக்னல் இல்லாமலே தானாக அதிர ஆரம்பிக்கும். அதனால் சத்தம் அதிகமாக இருக்கிறதே என்று கெயினை இஷ்டத்துக்குக் குறைக்காதீர்கள். உள்ளே வரும் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெபாசிட்டர் 22 கேவோடு சேர்ந்து 7 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதை வெட்டுகிறது, முன்னால் இருக்கும் கருவியில் இருந்து டிசி வந்தாலும் தடுத்துவிடும். வெளியே போகும் இடத்தில் இருக்கும் 2.7 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட்டும் ஸோபெல் நெட்வொர்க், ஐசி ஆசிலேட் ஆகாமல் காப்பது. அது எதற்கு என்று புரியாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு, விடாதீர்கள்.

ஐசியும் ஹீட்சிங்க்கும்

முதலில் ஐசியை ஹீட்சிங்க்கில் முடுக்க வேண்டும், அப்புறம்தான் கால்களைப் போர்டில் சால்டர் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் ஸ்க்ரூவை இறுக்கும்போது கால்கள் இழுபட்டு, சில மாதம் சூடாகி ஆறி ஒன்று விரிசல் விடும், ஏன் ஒரு சேனல் விட்டு விட்டுப் பாடுகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வீர்கள். துளை போட்ட பிறகு ஹீட்சிங்க் விளிம்பில் எழும் பிசிறை பெரிய டிரில் பிட்டைக் கையால் திருகி எடுத்துவிடுங்கள், ஒரு முடி அளவு பிசிறு, ஐசிக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் மின்சாரம் கடக்காமல் வைக்கும் மைக்காத் தகட்டைக் கிழித்துவிடும். டி வகை என்றால் மைக்காவும் பிளாஸ்டிக் வாஷரும், மைக்காவின் இரண்டு பக்கமும் தெர்மல் பேஸ்ட், அடியில் இருப்பது தெரிகிற அளவு மெல்லிசாக. நிறைய பூசினால் சூடு நன்றாகப் போகும் என்று நினைப்பது தப்பு, அது உலோகத்துக்குப் பதில் அல்ல, இடைவெளியை நிரப்ப மட்டும்தான்.

முடுக்கியதும் மீட்டரை ஓமில் வைத்து ஐசியின் உலோகத்துக்கும் ஹீட்சிங்க்கின் கீறி விட்ட இடத்துக்கும் அளந்து பாருங்கள், இணைப்பு காட்டவே கூடாது. ஹீட்சிங்க் மேல் இருக்கும் கறுப்புப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது, கீறாமல் அளந்துவிட்டு எல்லாம் சரி என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

பவர் சப்ளையும் நான் தொலைத்த இரண்டு வாரமும்

டிரான்ஸ்ஃபார்மரில் தனித்தனியாக இரண்டு 20 வோல்ட் சுற்று வந்தால், ஒன்றின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் சேர்த்தால்தான் நடுப்புள்ளி. வண்ணத்தை வைத்துச் சேர்த்துவிட்டு வெளி முனைகள் இரண்டுக்கும் இடையே ஏசி அளவு எடுங்கள். 40 பக்கம் வந்தால் சரி. பூஜ்யம் வந்தால் ஒரு சுற்று தலைகீழ், இரண்டு வயரை மாற்றினால் போதும். ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் 25 ஆம்ப் உலோக உடம்பு உள்ளது, பெட்டியின் அடித்தகட்டிலேயே முடுக்கிவிடலாம். ஒவ்வொரு கெபாசிட்டருக்கும் குறுக்கே 2.2 கே, 1 வாட் ரெசிஸ்டர் ஒன்று. இல்லாவிட்டால் பிளக்கைப் பிடுங்கி வெகு நேரம் ஆன பிறகும் உள்ளே 30 வோல்ட் உட்கார்ந்திருக்கும், இது இருந்தால் இரண்டு நிமிடத்தில் வடிந்துவிடும்.

இப்போது கிரவுண்ட். நான் கட்டிய முதல் ஆம்ப்ளிஃபயர் ஸ்பீக்கரில் காதை வைக்காமலேயே கேட்கும்படி 'ட்ர்ர்ர்' என்று இரைந்தது. ஐசி போலியாக இருக்கும் என்று மாற்றினேன், இன்புட் வயரை ஷீல்டு வயராக மாற்றினேன், டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டிக்கு வெளியே எடுத்து வைத்துப் பார்த்தேன். இரண்டு வாரம். கடைசியில் பார்த்தால், போர்டின் கிரவுண்ட் வயரை இரண்டு கெபாசிட்டருக்கு நடுவிலிருந்து எடுக்காமல், டிரான்ஸ்ஃபார்மரின் நடுவயர் வந்து சேரும் முனையில் இருந்து எடுத்திருந்தேன். இரண்டும் ஒரே வயர்தானே, இடையில் ஒரு விரல் நீளம்தானே என்ற நினைப்பு. அந்த ஒரு வயரை நகர்த்தி சால்டர் வைத்ததும் இரைச்சல் அப்படியே நின்றது.

ஏன் என்று கணக்குப் போட்டால் புரியும். கெபாசிட்டர் தொடர்ந்து சார்ஜ் ஆவதில்லை, ஏசி உச்சத்துக்கு வரும் சில மில்லி நொடி மட்டும் பல ஆம்ப் குபுக்கென்று பாயும், நொடிக்கு 100 தடவை. 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 10 சென்டிமீட்டருக்கு 1.7 மில்லிஓம். 5 ஆம்ப் பாய்ந்தால் 8 மில்லிவோல்ட் சொச்சம். அந்த 8 மில்லிவோல்ட் இன்புட்டின் கிரவுண்டுக்குள் போனால் 21 மடங்கு பெருகி ஸ்பீக்கரில் வந்து நிற்கும். ஆகவே முதலில் டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபயர், கெபாசிட்டர், இவற்றுக்குள் ஓடும் அழுக்குக் கரண்ட்டை அதற்குள்ளேயே சுற்ற விடுங்கள். இரண்டு கெபாசிட்டரும் சந்திக்கும் இடத்தில் இருந்து குட்டையாக ஒரு வயர் எடுத்து ஒரு புள்ளிக்குக் கொண்டுவாருங்கள், அதுதான் ஸ்டார் கிரவுண்ட். போர்டுகளின் கிரவுண்ட், ஸ்பீக்கரின் மைனஸ் எல்லாம் அந்தப் புள்ளிக்குத் தனித்தனி வயரில் வர வேண்டும். இன்புட் சாக்கெட்டின் கிரவுண்ட் மட்டும் ஸ்டாருக்கு வரக் கூடாது, அது சிக்னலோடு சேர்ந்தே வால்யூம் கண்ட்ரோல் வழியாகப் போர்டின் இன்புட் கிரவுண்டுக்குப் போக வேண்டும். சாக்கெட்டின் உடம்பு பெட்டியைத் தொடாமல் பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள்.

பெட்டியின் எர்த் வேறு, சிக்னல் கிரவுண்ட் வேறு. ஆனால் இரண்டும் அறவே தொடர்பில்லாமலும் இருக்கக் கூடாது. மின்சார எர்த் வயர் பெட்டிக்குள் நுழைந்ததும் அதற்கென்றே ஒரு போல்ட், பெயின்ட்டைச் சுரண்டிப் பல் வாஷர் போட்டு இறுக்க வேண்டும், டிரான்ஸ்ஃபார்மரின் போல்ட்டையே இதற்கும் பயன்படுத்துவது கூடாது. அந்த எர்த்துக்கும் ஸ்டாருக்கும் நடுவில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, அதற்குக் குறுக்கே எதிரெதிராக இரண்டு கனமான டையோடு. சாதாரண நேரத்தில் 10 ஓம் வழியைத் தடுத்து, இரண்டு கருவிகளுக்கு இடையே வரும் ஹம்மைக் குறைக்கும். உள்ளே மின்சாரம் கசிந்து ஏதாவது ஆகிவிட்டால் டையோடு திறந்து கரண்ட்டை எர்த்துக்குக் கொண்டுபோய் பியூஸைப் போக்கிவிடும். ஹம் நிற்கவில்லை என்று எர்த் வயரையே கழற்றிவிடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பெட்டிக்குள்

டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஓரம், இன்புட் சாக்கெட் எதிர் ஓரம். ஏசி வயர்களை ஜோடி ஜோடியாக முறுக்கி ஓட்டுங்கள். பிளஸ், மைனஸ், கிரவுண்ட் மூன்றையும் சேர்த்துப் பின்னலாக முறுக்கினால் இன்னும் நல்லது. டொராய்டலை முடுக்கும் நடு போல்ட் அடியில் பெட்டியைத் தொடும், அது பரவாயில்லை. அதே போல்ட்டின் தலை மேல் மூடியையும் தொட்டால் பெட்டியே ஒரு சுற்றாகிவிடும், டிரான்ஸ்ஃபார்மருக்கு ஷார்ட் அடித்த செகண்டரி (வெளியே கொடுக்கும் சுற்று) மாதிரி. மூடியைத் திறந்து வைத்துச் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, மூடியதும் பியூஸ் போனால் முதலில் இதைத்தான் பாருங்கள். சுவிட்ச்சும் பியூஸும் பேஸ் வயரில். 230 வோல்ட் மின்சாரத்துக்கு 200 விஏ டிரான்ஸ்ஃபார்மர் என்றால் 1.6 அல்லது 2 ஆம்ப் ஸ்லோ-ப்ளோ (நொடி நேர இழுப்பைத் தாங்கும்) பியூஸ். வயர் முனைகள் எல்லாவற்றுக்கும் உறை, வெறும் செம்பு எங்கும் தெரியக் கூடாது.

முதல் தடவை கரண்ட் கொடுப்பது

இங்கேதான் பொறுமை வேண்டும். 60 வாட் குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, பேஸ் வயரில் சீரிஸாகப் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், பாகம் எதுவும் கருகாது.

முதலில் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும். பல்பு எரியவே கூடாது, அல்லது இழை லேசாகச் சிவக்கலாம். அணைத்துவிட்டு ரெக்டிஃபயரையும் கெபாசிட்டரையும் சேர்த்து மறுபடி. இப்போது பல்பு பளிச்சென்று ஒரு முறை எரிந்து, மூச்சு விடுவது போல மெல்ல மங்கி அணையும். அந்த மங்கலைப் பார்ப்பது தனி சந்தோஷம். பிளஸ், மைனஸ் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். அணைத்து, இரண்டு நிமிடம் காத்திருந்து, மீட்டரில் ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகுதான் உள்ளே கை வைக்க வேண்டும்.

அடுத்து ஒரே ஒரு சேனல் போர்டு. ஸ்பீக்கர் வேண்டாம், இன்புட்டைக் கிரவுண்டோடு ஷார்ட் பண்ணிவிடுங்கள். பிளஸ் வயரிலும் மைனஸ் வயரிலும் 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒவ்வொன்று சீரிஸில். கரண்ட் கொடுத்து அந்த ரெசிஸ்டரின் இரு முனைக்கும் வோல்ட் பாருங்கள். சும்மா இருக்கும்போது எல்எம்3886 சுமார் 50 மில்லியாம்ப் இழுக்கும், அதிகபட்சம் 85. ஆக 0.5 வோல்ட் சுமாருக்கு வந்தால் நல்ல ஐசி, நல்ல சால்டரிங். 3 வோல்ட், 4 வோல்ட் வந்தால் உடனே அணையுங்கள், ஆசிலேட் ஆகிறது அல்லது எங்கோ ஷார்ட். இப்போது அவுட்புட்டில் டிசி பாருங்கள். 20, 30 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் அருமை, 50 வரை பரவாயில்லை. முழுசாக 27 வோல்ட் நின்றால் ஸ்பீக்கரை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள், ஃபீட்பேக் ரெசிஸ்டரின் ஒரு கால் ஒட்டாமல் இருக்கும் அல்லது ஐசி போய்விட்டது. இன்னொரு சேனலுக்கும் இதே வரிசை. இரண்டும் தேறிய பிறகு ரெசிஸ்டர்களை எடுத்துவிட்டு, அப்புறம் பல்பையும் எடுத்துவிட்டு, மறுபடி ஒரு தடவை டிசி அளவு.

முதல் பாட்டைப் பழைய ஸ்பீக்கரில் கேளுங்கள். நல்ல ஸ்பீக்கரை மாட்டும் முன் டிசி வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே போர்டு ஒன்று வைப்பது நல்லது. யூபிசி1237 ஐசி போட்ட சின்னப் போர்டுகள் இதற்கென்றே கிடைக்கின்றன, சுவிட்ச் போட்டதும் வரும் 'டப்' சத்தத்தையும் அவை மறைத்துவிடும்.

சத்தம் வரவில்லை, அல்லது வேண்டாத சத்தம் வருகிறது

வோல்ட்டெல்லாம் சரியாக இருந்தும் ஊமையாக இருந்தால் 8-ஆம் காலைப் பாருங்கள். அது மியூட். அதிலிருந்து மைனஸ் பக்கம் குறைந்தது 0.5 மில்லியாம்ப் இழுத்தால்தான் ஐசி வாயைத் திறக்கும், 22 கே அல்லது 33 கே ரெசிஸ்டர் அங்கே இருக்க வேண்டும்.

ஹம் என்றால் முதலில் வால்யூமைத் திருகுங்கள். ஹம் கூடிக் குறைந்தால் கோளாறு வால்யூம் கண்ட்ரோலுக்கு முன்னால், இன்புட் வயரிலோ முன்னால் இருக்கும் கருவியிலோ. மாறாமல் இருந்தால் பின்னால், கிரவுண்டிலோ சப்ளையிலோ. அப்புறம் சத்தத்தின் குணத்தைக் கேளுங்கள். 'ம்ம்ம்' என்று வழுவழுப்பாக வந்தால் 50 ஹெர்ட்ஸ், டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அல்லது ஷீல்டு விட்ட இன்புட் வயர். டொராய்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்தால் ஏதோ ஒரு கோணத்தில் குறையும், அங்கே முடுக்குங்கள். 'ட்ர்ர்ர்' என்று முள்ளோடு வந்தால் 100 ஹெர்ட்ஸ், என் இரண்டு வாரக் கதைதான், கிரவுண்ட் வயரைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் இவை 60, 120 என்று இருக்கும். வால்யூம் குமிழைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் அந்தக் கண்ட்ரோலின் உலோக உடம்பு எர்த் ஆகவில்லை. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லாமல் பெட்டியே உறுமினால் அது டிரான்ஸ்ஃபார்மரின் உடல் நடுக்கம், அடியில் ரப்பர் வைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

பாட்டு ஓடாமலே ஹீட்சிங்க் கை வைக்க முடியாமல் சுட்டால் காதுக்குக் கேட்காத உயரத்தில் ஆசிலேட் ஆகிறது. ஸோபெல் இருக்கிறதா, ஐசியின் சப்ளைக் கால்களுக்கு மிகப் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியென்றால் ஒரு மணி நேரம் வழக்கமான சத்தத்தில் ஓடவிட்டு ஹீட்சிங்க்கில் கை வையுங்கள். சூடாக இருக்கலாம், ஐந்து நொடி கையை எடுக்காமல் வைத்திருக்க முடிய வேண்டும். ஒரு வாரம் கழித்து, பிளக்கைப் பிடுங்கி கெபாசிட்டர் வடிந்ததும் மூடியைத் திறந்து, ஐசியின் ஸ்க்ரூக்களையும் எர்த் போல்ட்டையும் ஒரு கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். சூடாகி ஆறியதில் தெர்மல் பேஸ்ட் ஒதுங்கி ஸ்க்ரூ கொஞ்சம் தளர்ந்திருக்கும்.